கணிப்பொறிக்கு வந்த காய்ச்சல்

கோடை பிறந்துவிட்டால் நம்மிடையே அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. "கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது, திடீரென்று தானாகவே அணைந்துவிடுகிறது" என்பதே அது. கேட்டவர் உடனே வழங்கும் தீர்ப்பும் ஒன்றுதான்: "போர்டு போயிருக்கும், வேறு வாங்கிவிடுங்கள்." பல சமயங்களில் அந்தத் தீர்ப்பு தவறானது. போனது போர்டு அன்று. பெட்டிக்கு வந்திருப்பது காய்ச்சல். அதற்கு மருந்து உண்டு. மருந்தின் விலையோ ஒரு கிலோ ஆட்டிறைச்சியின் விலையைவிடக் குறைவு.

வில்லியனூர்க் கொம்யூனில் நான் பாடம் நடத்தும் மத்ரஸாவில் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது. பழைய காலத்துக் கோபுரப் பெட்டி அன்று. தடித்த அகராதிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போன்ற சிறிய மேசைப்பெட்டி. எங்கோ ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றபின், சென்னை ரிச்சி தெருவில் மறுவிற்பனைக்கு வந்தது. நல்ல மனம் படைத்த ஒருவர் வாங்கி அளித்தார். பிள்ளைகளின் வருகைப் பதிவு, சந்தாக் கணக்கு, அரபுப் பாடங்களின் வினாத்தாள் ஆகியவை அதன் அன்றாட வேலைகள்.

மே, ஜூன் மாதங்களிலோ அதற்குத் தனி மதிப்பு வந்துவிடும். புதுவையில் 12ஆம் வகுப்பு முடித்த பிள்ளைகள் தொழிற்கல்விக்கும் பட்டப்படிப்புக்கும் 'சென்டாக்' எனப்படும் சேர்க்கைக் குழுவுக்கு இணைய வழியில் விண்ணப்பிக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்ற இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் என ஒவ்வொன்றையும் படமெடுத்து ஏற்ற வேண்டும். கைப்பேசியிலேயே செய்துவிடலாம் என்பவர்கள், விரலளவுத் திரையில் அந்த நீண்ட படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பார்க்கட்டும்! எனவே முன்னாள் மாணவர்களும் மாணவியரும் பெற்றோருடன் மத்ரஸாவுக்கே வந்துவிடுவார்கள்.

அவ்வாறு வந்தவர்களுள் ஒரு பெண்பிள்ளை. தகப்பனார் சந்தைதோறும் துணி விற்பவர். அந்தக் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள்தான். லுஹர் தொழுகைக்குப் பிறகு தாயாரும் அவளும் வந்து அமர்ந்தனர். பாதிப் படிவம் நிரம்பியிருக்கும்; பெட்டிக்குள்ளிருந்து காற்றாலை சுழல்வதுபோல் இரைச்சல் எழும்; பிறகு திரை இருண்டுவிடும். ஒருமுறை அன்று, மூன்று முறை. விண்ணப்பத்துக்கு இன்னும் நான்கு நாட்களே இருந்தன.

பெட்டியை நகரத்திலிருந்த பழுதுநீக்கும் கடைக்கு எடுத்துச் சென்றோம். குளிரூட்டப்பட்ட அறை. அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார் கடைக்காரர். ஒரு குறையும் இல்லை. "நல்லாத்தானே ஓடுது பாய்!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மத்ரஸாவில் வைத்ததும் ஒரு மணி நேரத்தில் பழைய கதை. மறுநாளும் கொண்டுபோனோம். இம்முறை அவர் தீர்ப்பளித்தார்: "இங்க ஓடுது, அங்க நிக்குதுன்னா மதர்போர்டுலதான் கோளாறு. சரி பண்ண முடியாது. ஏழாயிரம் குடுங்க, வேற பெட்டி தர்றேன்." அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கண்முன் பெட்டி நோயைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

நோயைக் கண்டுபிடித்தவள் அந்தப் பெண்பிள்ளைதான். "ஹஜ்ரத், முந்தாநாள் காலையில் தம்பி வந்து ஹால் டிக்கெட் எடுத்தானே, அப்போது ஒரு மணி நேரமும் அணையவில்லையாம். நாங்கள் லுஹருக்கு மேல் வரும்போதுதான் அணைகிறது" என்றாள். மறுநாள் சுபுஹுக்குப் பின் தாயும் மகளும் வந்தனர். சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஒன்றரை மணி நேரம் பெட்டி முணுமுணுக்கவில்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

காலையில் ஓடி நண்பகலில் நிற்கும் இயந்திரத்துக்கு என்ன பொருள்? அதன் உள்ளே மட்டும் அல்லாமல், அது இருக்கும் அறையிலும் நோய் இருக்கிறது என்பதே பொருள். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

கணிப்பொறியின் மூளையைப் 'புராஸசர்' என்பார்கள். அது உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது. 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் முதல் புராஸசரில் 2,300 டிரான்ஸிஸ்டர்கள் இருந்தன. அது தின்ற மின்சாரம் ஏறத்தாழ 1 வாட். விசிறி ஏதும் அதற்குத் தேவைப்படவில்லை. 2004இல் வந்த பெண்டியம் 4 வகைகளுள் சில 100 வாட்டைத் தாண்டின. நம் வீடுகளில் முன்பு எரிந்த 100 வாட் குண்டு பல்பை நினைவுகூருங்கள். எரியும்போது தொட முடியுமா? அந்தச் சூடு முழுவதும் கட்டைவிரல் நகத்தளவு சில்லு ஒன்றில் பிறந்தால் எப்படியிருக்கும்! வேகத்தை 4 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தப்போவதாகச் சொல்லியிருந்த அந்நிறுவனம் அதே 2004இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வேகத்துக்குச் சுவர் எழுப்பியது வெப்பமேயாகும். ஒரே மூளையை மேலும் மேலும் விரட்டுவதை விட்டு, ஒரு சில்லில் இரண்டு, நான்கு மூளைகளை வைக்கும் வழக்கம் அதன் பின்னரே பெருகியது.

பெட்டியைச் சிறிதாக்க வேண்டும், இரைச்சல் இருக்கக்கூடாது என்ற ஆசைக்கும் பழைய வரலாறு உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1980இல் 'ஆப்பிள் III' என்ற கணிப்பொறியை விசிறியே இல்லாமல் செய்தது. சூட்டால் உள்ளிருந்த சில்லுகள் தம் இருக்கையிலிருந்து நெகிழ்ந்தன. பெட்டியைச் சில அங்குலம் தூக்கி மேசைமேல் போட்டால் அவை மீண்டும் அமர்ந்துவிடும் என்பதே அன்றைக்குச் சொல்லப்பட்ட வைத்தியம்! அதே நிறுவனம் 2000இல் விசிறியற்ற அழகிய கனசதுரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, மறு ஆண்டே அதன் உற்பத்தியை நிறுத்திவைத்தது. சிறிய பெட்டியில் காற்றுக்கு வழி குறைவு. காற்றுக்கு வழி குறைந்தால் தூசிக்கு அதிகாரம் கூடும்.

நம் பெட்டிகளுக்கு வருவோம். இவ்வகைச் சிறு மேசைப்பெட்டிகள் பலவற்றின் கையேட்டைப் புரட்டினால், சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்று எழுதியிருக்கும். குளிரூட்டிய அலுவலகத்தை மனத்தில் கொண்டு விதிக்கப்பட்ட எல்லை இது. கத்திரி வெயிலில் வில்லியனூரிலோ பாகூரிலோ தகரக் கூரையின்கீழ், தளத்தின் சூடு இறங்கும் அறையில் உட்கார்ந்து பாருங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே அந்த எல்லையைக் கடந்திருப்போம்.

புராஸசரின் வெப்பம் என்பது அறையின் வெப்பமும் அது தானாக ஏற்றிக்கொள்ளும் வெப்பமும் சேர்ந்த தொகை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தூய்மையான பெட்டி கடும் வேலையின்போது அறையைவிட 45 டிகிரி கூடுதலாகச் சூடேறுகிறது என்று கொள்வோம். தூசி அடைத்தபின் அதுவே 65 டிகிரி ஆகிறது. கடைக்காரரின் குளிர் அறை 24 டிகிரி, கூட்டினால் 89. மத்ரஸாவில் அதிகாலை 28 டிகிரி, கூட்டினால் 93. நண்பகலில் 40 டிகிரி, கூட்டினால் 105. இன்டெல்லின் மேசைக்கணிப்பொறிப் புராஸசர்கள் பலவற்றுக்கு எல்லை ஏறத்தாழ 100 டிகிரி. அதை நெருங்கும்போது புராஸசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு ஏறினால் பெட்டி அணைந்துவிடும். ஒரே பெட்டி, ஒரே தூசி. கடையில் ஆரோக்கியம், நம்மிடத்தில் மயக்கம். கடைக்காரரைக் குழப்பியது இதுதான்.

தானே அணைவது குற்றமன்று, தற்காப்பு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இக்காப்பு ஏற்பாடு இல்லாத காலமும் இருந்தது. 2001இல், ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறிகளின் வெப்பத்தகட்டைக் கழற்றிக் காட்டும் படம் ஒன்று உலகெங்கும் பரவியது. அதில் அன்றைய ஏ.எம்.டி. புராஸசர் புகைந்து கருகியது. பெண்டியம் 4 வேகம் குறைந்து உயிர் தப்பியது. இன்று எல்லாப் புராஸசர்களுக்கும் அந்தத் தற்காப்பு உண்டு.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். பாகூரில் நீண்ட காலம் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுது நீக்கிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரைத் தேடிப் பெட்டியுடன் போனேன். (பாகூர் என்றதும் வரலாறு படித்தவனுக்கு வாய் சும்மா இராது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், இவ்வூரில் இருந்த கல்விச்சாலை ஒன்றுக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. கல்விச்சாலையை நடத்த மூன்று ஊர் வருவாய்! நம் நிர்வாகத்தினர் ஏழாயிரம் ரூபாய்க்கு யோசித்ததில் வியப்பில்லை.)

பெரியவர் மூடியைத் திறக்கும் முன்பே முன்பக்கத் துளைகளில் விரலை வைத்துத் தேய்த்தார். விரல் சாம்பல் நிறமானது. "பாய், வீடு பூட்டிக் கிடக்கிற மாதிரி இருக்கே. காத்து எந்த வழியா உள்ள போகும்?" என்றார். எங்கள் அறையில் கோரைப்பாய்களின் தூள் உண்டு, கரும்பலகையின் சுண்ணத்தூள் உண்டு, ஐம்பது பிள்ளைகளின் கால்கள் கொண்டுவரும் செம்மண் உண்டு. போதாக்குறைக்குப் பெட்டியின்மேல் பூவேலை செய்த துணியுறை. தூசி படாமல் காக்கவென்று நிர்வாகத்தினர் அன்போடு தைத்துப் போட்டது.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். கைப்பழக்கம் உள்ள எவரும் செய்யக்கூடியதே. முதலில் பெட்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டார். உள்ளே இறுகியிருக்கும் பழைய பசை இளகுவதற்காக. பின் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப்பிடித்து, மீதி மின்சாரத்தை வெளியேற்றினார். உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டார். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைத் தாக்காதிருக்க. மூடியைக் கழற்றியதும் விசிறி தெரிந்தது. அதன் இறக்கைகளில் தூசி இருந்ததே தவிர, அஞ்சும்படி இல்லை. "இதைப் பார்த்துட்டு எல்லாரும் சுத்தமா இருக்குன்னு மூடிடுவாங்க" என்று சொல்லி, விசிறியையும் தூக்கினார். அடியில் ஹீட் சிங்க் எனப்படும் வெப்பத்தகடு. அதன் மெல்லிய அலுமினிய இதழ்களுக்கிடையே கம்பளித் துண்டு விரித்ததுபோல் தூசி படிந்திருந்தது. முழுதாகவே உரித்தெடுத்தார். அந்தத் துண்டை மாணவர்களுக்குக் காட்டவென்று தாளில் மடித்து வைத்துக்கொண்டேன்.

மென்மையான தூரிகையால் இதழ்களைத் துடைத்தார், காற்றுக்குப்பியால் ஊதினார். ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். வாயால் ஊதக்கூடாது, எச்சில் ஈரம் போகும். வீட்டுத் தூசி உறிஞ்சியையும் நேரே வைக்கக்கூடாது, நிலைமின்சாரம் உண்டாகும்.

அடுத்தது பசை. புராஸசரின் முகமும் வெப்பத்தகட்டின் அடியும் கண்ணாடிபோல் வழவழப்பாகத் தோன்றினாலும், நுண்ணோக்கியில் மேடு பள்ளமே. பள்ளங்களில் காற்று தங்கும். காற்றோ வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. செம்பு அதைவிட ஏறத்தாழ 15,000 மடங்கு நன்றாகக் கடத்தும். அப்பள்ளங்களை நிரப்பவே 'தெர்மல் பேஸ்ட்'. அது காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். ஆனால் செம்பைவிட நூறு பங்கு மோசம். ஆகவே பள்ளம் நிரம்பும் அளவே போதும். இட்லிமேல் பொடி தூவுவதுபோல் தாராளம் காட்டினால் அதுவே தடையாகிவிடும்.

வெப்பத்தகட்டின் நான்கு திருகாணிகளையும் எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். நேரே இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுத்தார். ஏ.எம்.டி. புராஸசர்கள் சிலவற்றை வெடுக்கென்று இழுத்தால் புராஸசரும் ஒட்டிக்கொண்டு இருக்கையோடு பிடுங்கி வந்துவிடும், ஊசிகள் வளைந்துவிடும் என்று எச்சரித்தார். பழைய பசை காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. கொரோனா காலத்தில் நாம் கை துடைக்கப் பழகிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சிறிது பஞ்சில் நனைத்து, இரு முகங்களையும் பளிச்சென்று துடைத்தார். நடுவில் ஒரு பட்டாணியளவு புதிய பசை. தகட்டை வைத்து, திருகாணிகளை மறுபடியும் எதிரெதிர் மூலையாக முடுக்கினார். டிவி டிரான்ஸிஸ்டர்களின் அடியில் இதே வெள்ளைப் பசையைத் தம் வாழ்நாள் முழுதும் தடவியவர் அவர். "பெட்டிதான் மாறியிருக்கு பாய், சூடு அதேதான்" என்று சிரித்தார்.

விசிறியின் கம்பியை மீண்டும் செருக மறந்துவிடாதீர்கள். பலர் கோட்டைவிடும் இடம் அது. பசைக்கு 180 ரூபாய். அவர் கூலி வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன். உழைப்பை இனாமாகப் பெறும் வழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகம்.

அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது அல்லவா? 'கோர் டெம்ப்' போன்ற இலவச மென்பொருள் புராஸசரின் சூட்டை நொடிக்கு நொடி காட்டும். முன்பு ஏதும் செய்யாமல் இருக்கும்போதே 70ஐத் தாண்டியிருந்தது, இப்போது 50க்குள் நின்றது. கடும் வேலை கொடுத்தால் 80ஐ ஒட்டி நின்றதேயன்றி மேலே ஏறவில்லை. அந்த இரைச்சலும் போயிற்று.

பெட்டிக்கு மருத்துவம் முடிந்தது, அறைக்கு? முதுகுப்பலகை உள்ள மர அறையிலிருந்து பெட்டியை வெளியே எடுத்து, மேசைமேல் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். மேற்குச் சன்னலின் வெயில் படாத மூலை. துணியுறை இப்போது பெட்டி அணைந்து ஆறியபின் மட்டும் இரவில் போடப்படுகிறது. விண்டோஸில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'மேக்ஸிமம் புராஸசர் ஸ்டேட்' என்பதை 100இலிருந்து 99ஆகக் குறைத்தால், இன்டெல் பெட்டிகள் பலவற்றில் புராஸசர் தன் இயல்பு வேகத்துக்கு மேல் பாய்வது நின்றுவிடும், சூடும் இறங்கும். படிவம் நிரப்பவும் கணக்கு எழுதவும் அந்த வேகமே மிகை. மே மாதம் முழுதும் எங்கள் பெட்டி 99இல்தான் ஓடியது. ஒருவரும் வேறுபாட்டை உணரவில்லை.

விசிறி சுழல்கிறது, தூசி இல்லை, பசையும் புதிது, அப்போதும் அணைகிறது என்றால், மின்வழங்கிப் பெட்டியையோ போர்டையோ சந்தேகிக்கலாம். அதற்கு முன் ஏழாயிரத்தை எடுக்க வேண்டாம்.

ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில் வெயில் ஏறும் முன், தூசி தட்டுவதென்று முடிவு செய்து பெரிய மாணவர்கள் இருவரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்திருக்கிறோம். தூரிகையும் மீதிப் பசைக்குழாயும் அலமாரியில் இருக்கின்றன. சுல்தான்பேட்டையிலிருந்து இருவர் தத்தம் வீட்டுப் பெட்டிகளை வரும் ஞாயிறன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறேன்.